வினாவும் வினவுபவனும்



போலந்துக் கவிதையைப் பற்றி இன்று நான் பேசவேண்டுமென்று நண்பர்கள் பணித்திருந்தார்கள். அதைத் தனியே எடுத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. தமிழ் வாசகர்களுக்குப் போலந்துக் கவிதை புதிதன்று. செஸ்லாவ் மிலோஷ் 1980இலும் விஸ்லாவா ஷிம்போர்ஸ்கா 1996இலும் நோபல் பரிசு பெற்றதையொட்டி நம் சிறுபத்திரிகைகள் அவர்களை ஆங்கிலத்தின் வழியாக இங்கே கொண்டுவந்து சேர்த்தன. ஸ்பிக்னியெவ் ஹெர்பெர்ட்டும் அவ்வழியாகவே வந்தார். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டவையும் உண்டு. குரலைத் தாழ்த்திப் பேசுதல், பெரிய சொற்களின்மேல் ஐயம், மெல்லிய அங்கதம் ஆகியவை நல்ல வரவுகள்தாம். ஆயினும் அக்கவிதைகளுக்கு அடியில் ஓடும் ஒன்றை நாம் கரையிலேயே விட்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. வினவுதல் என்னும் ஒழுக்கத்தையே சொல்கிறேன். இயற்பியலாரும் கவிஞரும் அறநூலாரும் வினவுகிறார்கள். வினவுகின்றவனிடம் அந்த வினா எதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது என்பதுதான் இன்று என் பேச்சின் பொருள். இதற்கு வார்சாவரை போகவேண்டியிருக்கும். திரும்பி வரும்போது நம் ஊருக்கே வந்துவிடுவோம்.

ஷிம்போர்ஸ்காவின் நோபல் உரையிலிருந்து தொடங்குகிறேன். மிகச் சிறிய உரை அது. தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆற்றலைப் பற்றியே அதில் பெரிதும் பேசுகிறார். அதற்குச் சான்றாக அவர் காட்டும் இருவரும் கவிஞர்கள் அல்லர். ஒருவர் நியூட்டன், மற்றவர் மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி. கவிதைக்கான பரிசைப் பெற வந்த மேடையில் ஒரு கவிஞர் இயற்பியலாரைச் சாட்சிக்கு அழைக்கிறார் என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. நம் மரபிலும் அறியாமையைக் கூறிக்கொள்ளும் வழக்கம் உண்டல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கம்பரும் சேக்கிழாரும் அவையடக்கம் பாடியவர்கள்தாமே? அவையடக்கம் அழகானது, ஆனால் அது வேறு. அவையடக்கம் பாடும் புலவருக்குத் தாம் பாடப்போவது என்ன என்பது நன்றாகத் தெரியும். அவையோரின் பெருமைமுன் தம்மைத் தாழ்த்திக்கொள்கிறார், அவ்வளவுதான். ஷிம்போர்ஸ்கா சொல்லும் அறியாமை அவையை நோக்கியதன்று. அது வேலை செய்யும் மேசையின்மேல் கிடப்பது. மாலையில் மேசையை விட்டு எழும்போது காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூர்மையான அறியாமையாக அது இருக்கவேண்டும்.

கியூரி அம்மையார் 1898இல் தாம் கண்டறிந்த தனிமத்துக்குப் பொலோனியம் என்று பெயரிட்டார். போலந்து என்னும் நாடு அப்போது உலகப்படத்தில் இல்லை. 1795 முதல் 1918 வரை அது மூன்று பேரரசுகளுக்கிடையே பங்கிடப்பட்டுக் கிடந்தது. நாட்டின் பெயர் படத்தில் அழிக்கப்பட்டிருந்த காலத்தில் தனிமங்களின் அட்டவணையில் அதை எழுதிவைத்தார் அவர். போலந்துக் கவிஞர்களுக்கு அறிவியல் ஏன் அந்நியமாக இல்லை என்பதற்கு இந்தப் பெயரிடுதல் ஒன்றே போதிய விளக்கம் என நினைக்கிறேன்.

அதே நாடற்ற காலத்துப் போலந்துக்காரர் மரியன் ஸ்மொலுகோவ்ஸ்கி. லுவோவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்தார், பிறகு கிராக்கோவில். மலையேறுவதில் பெரும் நாட்டமுடையவர். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் நடுங்குவதற்கான காரணத்தை ஐன்ஸ்டைன் 1905இல் கணக்கிட்டுக் காட்டினார். தனியே வேறொரு வழியில் வந்து அதே முடிவை 1906இல் வெளியிட்டவர் ஸ்மொலுகோவ்ஸ்கி. 1908இல் அவர் இன்னொன்றையும் விளக்கினார். தெளிந்த திரவம் ஒன்று குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையை நெருங்கும்போது திடீரெனப் பால்போல் வெளுக்கிறது, ஏன்? திரவத்தின் அடர்த்தி எல்லா இடத்திலும் எப்போதும் ஒரே சீராக இருப்பதில்லை. மூலக்கூறுகளின் ஓயாத அலைச்சலால் ஓரிடத்தில் அவை கொஞ்சம் நெருங்கும், ஓரிடத்தில் விலகும். இந்த ஏற்றத்தாழ்வே ஒளியைச் சிதறடிக்கிறது. முற்றிலும் சீரான ஊடகத்தில் பக்கவாட்டில் சிதறும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும்; ஒளி நேரே போய்விடும், ஊடகம் கண்ணுக்குத் தெரியாது.

திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. இராமன் 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது கடலின் நீலத்தை ஆராய்ந்த கதையை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று இராலே பிரபு கூறியிருந்தார். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை ஒரு நிக்கல் பட்டகத்தால் அணைத்துவிட்டுப் பார்த்தார் இராமன், நீலம் மறையவில்லை. அந்த நீலத்துக்கான கணக்கை அவர் எடுத்தது ஸ்மொலுகோவ்ஸ்கியிடமிருந்தும் ஐன்ஸ்டைனிடமிருந்தும்தான். பள்ளிப் பாடத்தில் கப்பல் இருந்தது, இந்தப் போலந்துக்காரர் இல்லை. அந்த வழியே நடந்துதான் 1928இல் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் உடனிருக்க இராமன் விளைவு கிடைத்தது.

நம் மலைக்கோட்டையின்மேல் ஏறி நின்று சிறுமலையைப் பாருங்கள். அருகே போனால் பச்சையாக, பாறையாக, வாழைத் தோட்டமாக இருக்கும் மலை, இங்கிருந்து பார்க்க நீலமாகத் தெரிகிறது. நமக்கும் மலைக்கும் நடுவே உள்ள காற்று சிதறடித்து அனுப்பும் ஒளியின் நிறம் அது. மலையைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, இடையிலுள்ள வெளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். இதை உடனே உவமையாக்கிவிடாதீர்கள். கருந்துளையும் குவாண்டமும் சார்பியலும் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக நம் புதுக்கவிதையில் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். காதலி கருந்துளையாகிறாள், அரசியல்வாதி நிச்சயமின்மைக் கோட்பாடாகிறான். அணிகலனாகச் செருகப்படும் அறிவியல் சொல் எதையும் வினவுவதில்லை. வினவியவர் பெற்ற பயனைக் கடன்வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவே. ஷிம்போர்ஸ்காவும் மிலோஷும் இயற்பியலிடமிருந்து கற்றவை சொற்கள் அல்ல. ஒன்றைச் சரிபார்க்காமல் சொல்லக்கூடாது என்னும் கூச்சத்தைக் கற்றார்கள். வத்தலக்குண்டைச் சொந்த ஊராகக் கொண்ட சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கியபோது விமர்சனத்தில் வற்புறுத்தியதும் ஏறக்குறைய இந்தக் கூச்சத்தைத்தான். பெரிய பெயரைச் சொல்லித் தப்பிக்காதே, வரியைக் காட்டு என்பார் அவர். பக்கத்து ஊர்க்காரரை மறந்துவிட்டு வார்சாவில் போய்க் கற்கவேண்டியதில்லை என்று யாரேனும் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

இதுவரை சொன்ன இயற்பியலில் வினவுபவர் வெளியே நிற்கிறார். கடலின் நீலம் இராமனிடம் எதையும் கேட்கவில்லை. யோசப் ராட்பிளாட் என்ற இன்னொரு போலந்து இயற்பியலாருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. 1908இல் வார்சாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் ஆய்வுக்குச் சென்றிருந்த வேளையில் போர் மூண்டது. வார்சாவில் தங்கியிருந்த மனைவியை அவர் மறுபடி காணவேயில்லை. இட்லரின் கையில் அணுகுண்டு கிடைத்துவிடும் என்ற அச்சத்தில் 1944இல் அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் சென்று அணுகுண்டு வேலையில் சேர்ந்தார். ஜெர்மனியிடம் அத்தகைய குண்டு உருவாகவில்லை என்று தெரிந்ததும், அந்த ஆண்டின் இறுதியிலேயே விலகினார். சேர்ந்ததற்கான காரணம் மறைந்தபின் தொடர்வதற்குக் காரணமில்லை என்பது அவருடைய தருக்கம். இதில் வீரவுரை எதுவுமில்லை. ஒரு சோதனையில் முற்கோள் பொய்த்தால் முடிவைக் கைவிடுவதுபோல் கைவிட்டார். ஆனால் அந்தச் சமன்பாட்டில் அவருடைய வாழ்க்கையே ஓர் உறுப்பாக இருந்தது. பிறகு அவர் தம் இயற்பியலை மருத்துவத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். 1955இல் வெளிவந்த ரஸ்ஸல்–ஐன்ஸ்டைன் அறிக்கையில் கையொப்பமிட்ட பதினொருவரில் அவரும் ஒருவர். லெயோபோல்ட் இன்ஃபெல்ட் என்ற இன்னொரு போலந்துக்காரரும் உண்டு. அவ்வறிக்கையின் பயனாக அறிவியலாளர் மாநாட்டை முதலில் புது தில்லியில் நடத்துவதாகவே இருந்தது. சூயஸ் கால்வாய் நெருக்கடியால் அது கைகூடாமல் 1957இல் கனடாவில் பக்வாஷ் என்னும் சிற்றூரில் கூடியது. அந்த இயக்கத்துக்கும் ராட்பிளாட்டுக்கும் சேர்த்து 1995இல் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தில்லி அந்தக் கடனை ஒருவகையில் 1962இல் தீர்த்தது. காந்தி அமைதி நிறுவனம் அவ்வாண்டு ஜூன் மாதம் அங்கே அணு ஆயுத எதிர்ப்பு மாநாட்டைக் கூட்டியது. அம்மாநாட்டின் தூதுக்குழுவில் இராஜாஜி தம் எண்பத்துமூன்றாம் வயதில் வாஷிங்டன் சென்று அதிபர் கென்னடியைச் சந்தித்தார். அந்நிறுவனத்தின் செயலாளராயிருந்தவர் ஜி. ராமச்சந்திரன். பெயர் கேட்டவுடன் உங்களுக்கு விளங்கியிருக்கும். இங்கிருந்து மதுரைச் சாலையில் போனால் சின்னாளபட்டிக்கு அருகே இருக்கும் காந்திகிராமத்தை, டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவரும் 1947இல் தொடங்கினார்கள். அக்காலத்து இயற்பியலின் மிகக் கடுமையான அறவினா உலக அரங்கில் எழுப்பப்பட்டபோது, அதை எழுப்பிய கைகளுள் ஒன்று நம் சமவெளியில் கிராமத் தொழிலும் மருத்துவமும் கல்வியும் வளர்த்த கை. இதை ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. நெசவும் அணுப்பிளவும் ஒரே மனிதருக்கு ஒரே வினாவின் இரு முனைகளாகத் தெரிந்தன என்பதற்காகச் சொல்கிறேன்.

காந்தியடிகளைப் பற்றிப் போலந்தில் ஆழ்ந்து சிந்தித்து எழுதிய அறவியலாளர் ஒருவர் இருந்தார். ஹென்றிக் எல்சென்பெர்க் என்பது அவர் பெயர். மதிப்பு என்பது யாது, பயன் கருதாத நன்மை உண்டா என்பன அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த வினாக்கள். தோருன் நகரப் பல்கலைக்கழகத்தில் அவரிடம் மெய்யியல் பயின்ற இளைஞர்தாம் ஹெர்பெர்ட். 1950களின் முற்பகுதியில் அரசின் கொள்கைக்கு ஒவ்வாதவர் என்று எல்சென்பெர்க்குக்குக் கற்பிக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் கடிதங்களில் தொடர்ந்தார்கள். ஹெர்பெர்ட்டின் 1974ஆம் ஆண்டுத் தொகுப்பின் நாயகர் திரு. கோஜிட்டோ. நான் சிந்திக்கிறேன் என்று பொருள்படும் தெகார்த்தின் இலத்தீன் சொல்லைப் பெயராகச் சூட்டிக்கொண்ட ஒரு சாதாரண மனிதர். அவர் சிந்தித்தாகவேண்டிய வினாக்கள் தெகார்த்துக்கு வாய்த்தவைபோல் கணப்பு அருகே ஓய்வாக அமர்ந்து எண்ணக்கூடியவை அல்ல. பொய்யைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நிமிர்ந்து நிற்கமுடியும் என்பது போன்றவை. நாம் ஹெர்பெர்ட்டை அரசியல் கவிஞர் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் ஓர் அறவியல் மாணவர். தம் ஆசிரியரின் பாடத்தைக் கவிதையில் தொடர்ந்து எழுதியவர். அந்தப் பாடத்தில் காந்தி ஒரு பகுதியாக இருந்தார்.

சிந்திக்கிறேன் என்பதில் உள்ள அந்த ‘நான்’ யார் என்ற வினாவோடு இன்னொரு போலந்துக்காரர் அதற்கும் முன்பே தமிழ்நாட்டில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிப் பேசத்தான் இத்தனை தூரம் சுற்றினேன். மாரிஸ் ஃப்ரீட்மன் 1901இல் வார்சாவில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மின்பொறியாளர். மைசூர் திவான் சர் மிர்சா இஸ்மாயிலின் அழைப்பின்பேரில் 1930களின் நடுவில் பெங்களூர் அரசு மின்சாதனத் தொழிற்சாலையை நடத்த வந்தார். வந்தவர் கதருக்கு மாறினார், காந்தியடிகளிடம் சென்றார், துறவுடை ஏற்றுப் பாரதானந்தர் ஆனார். அவர் பொறியியலை விட்டுவிட்டு ஆன்மிகத்துக்குப் போனதாகச் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காந்தியடிகள் பாராட்டிய தனுஷ் தக்ளி அவருடைய கண்டுபிடிப்பு. சாதாரணத் தக்ளியை விரலால் திருகிவிடுகிறோம், சுழற்சி தேய்ந்து நிற்கிறது, மறுபடி திருகவேண்டும். ஃப்ரீட்மன் அதன் கம்பியை ஒரு வில்லால் இழுத்துச் சுழலவைத்தார். கணக்கிட்டுப் பாருங்கள். கம்பியின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்றால் அதன் சுற்றளவு ஒன்பதரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வில் அதன்மேல் உராய்ந்து 30 சென்டிமீட்டர் நகர்ந்தால் ஏறக்குறைய 32 சுற்று. ஒரு கை வில்லை இழுக்க மறுகை நூலை இழுக்கும். ராட்டை வாங்க முடியாதவன் கையில் மூங்கிலும் கம்பியும் இருந்தால் போதும். கைத்தறிக்குப் பேர்போன சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை. ஏழையின் கையிலுள்ள ஆற்றல் வீணாகாமல் நூலாக மாறவேண்டும் என்பது அறவியலா, இயற்பியலா?

மராத்திய நாட்டில் ஔந்து என்ற சிறு சமஸ்தானத்தின் அரசர் தம் அதிகாரத்தைக் கிராமங்களுக்கே திருப்பிக் கொடுத்து 1939இல் ஓர் அரசியலமைப்பை அறிவித்தார். அம்முயற்சியில் காந்தியடிகளின் வழிகாட்டலோடு இளவரசர் அப்பா பந்த்துக்குத் துணைநின்றவர் ஃப்ரீட்மன். அங்கே சுதந்திரபுரம் என்ற பெயரில் மதிலும் பூட்டும் இல்லாத ஒரு சிறை அமைந்ததிலும் அவர் பங்கு உண்டு. தண்டனை பெற்றவர்கள் நிலத்தை உழுது வாழ்ந்தார்கள். அதைக் கருவாகக் கொண்டு வி. சாந்தாராம் 1957இல் ஓர் இந்திப் படம் எடுத்தார். அதுவே 1975இல் எம்.ஜி.ஆர். நடித்துப் ‘பல்லாண்டு வாழ்க’ ஆயிற்று. 1973 இடைத்தேர்தலில் அவருடைய கட்சிக்கு முதல் வெற்றியைத் தந்த திண்டுக்கல்லில் அந்தப் படத்தைப் பாராதவர்கள் குறைவு. அதன் வேரில் ஒரு வார்சா மின்பொறியாளர் நிற்பதை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு. பூட்டுக்குப் பேர்போன ஊரில் நின்று பூட்டில்லாத சிறையைப் பற்றிப் பேசுவதிலும் ஒரு சுவை இருக்கத்தான் செய்கிறது.

இதே மனிதர்தாம் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின்முன் அமர்ந்து வினாமேல் வினாவாகத் தொடுத்தவர். 1939இல் வெளிவந்த ‘மகரிஷியின் உபதேசம்’ என்னும் ஆங்கில வினாவிடை நூலின் பின்னால் இருப்பவர் அவர். பின்னாளில் பம்பாயில் நிசர்கதத்த மகராஜின் மராத்தி உரையாடல்களை ஆங்கிலமாக்கி 1973இல் உலகறியச் செய்தவரும் அவரே. அவ்வினாக்களைப் படித்தால் ஒரு பொறியாளரின் பிடிவாதம் தெரியும். பக்தனின் நெகிழ்ச்சியோடு ஒரு விடையை ஏற்றுக்கொண்டு எழுந்துபோகமாட்டார். இந்தப் பகுதியில் சுமை தாங்குமா, அந்த இணைப்பு எங்கே போகிறது என்று சோதிப்பவர்போல் மறுபடி கேட்பார். மகரிஷியின் வழி இன்னும் கடுமையானது. வினாவை வினவியவரிடமே திருப்பிவிடுவார்: இதைக் கேட்பது யார்? இயற்பியலில் வெளியே நின்றவர், அறவியலில் ஒரு காலை உள்ளே வைத்தவர், இங்கே முழுவதும் வினாவுக்குள்ளேயே போய்விடுகிறார்.

அந்த வினாவின் தொடக்கத்தைத் தேடுவோர் மதுரையில் 1896இல் நிகழ்ந்த மரண அனுபவத்தைச் சொல்வார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, தந்தையார் மறைவதற்கு முன்னால், வேங்கடராமன் என்ற அந்தச் சிறுவன் படித்தது திண்டுக்கல்லில், சிற்றப்பா வீட்டில் தங்கி. வீட்டார் கோயிலுக்குப் போயிருக்கையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்கிவிட, திரும்பி வந்தவர்கள் எவ்வளவு தட்டியும் எழுப்ப முடியாமல் போன நிகழ்ச்சி இங்குதான் நடந்தது என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்த ஊர் அவருக்குத் தத்துவம் எதையும் கற்பிக்கவில்லை. நல்ல தூக்கத்தைக் கொடுத்தது. அதுவும் சிறிய கொடையன்று.

ஃப்ரீட்மனோடு சேர்த்துச் சொல்லவேண்டியவர் வாண்டா டினோவ்ஸ்கா. 1888இல் பிறந்தவர், போலந்தின் பிரம்மஞான இயக்கத்தில் முன்னின்றவர், 1935இல் இந்தியா வந்து உமாதேவி ஆனவர். இருவரும் சேர்ந்து 1944இல் சென்னையில் போலந்து–இந்திய நூலகம் என்னும் பதிப்பு முயற்சியைத் தொடங்கினார்கள். போலந்துக்கு இந்தியாவையும், இந்தியாவுக்குப் போலந்தையும் காட்டுவது அதன் நோக்கம். அதே 1944இல் அவரும் குஜராத்திக் கவிஞர் ஹரிச்சந்திர பட்டும் சேர்ந்து போலந்துக் கவிதைகளின் ஆங்கிலத் தொகுப்பு ஒன்றைப் பம்பாயில் வெளியிட்டார்கள். வார்சா எரிந்துகொண்டிருந்த ஆண்டு அது. கோலாப்பூருக்கு அருகே வலிவடேயில் ஏறக்குறைய ஐயாயிரம் போலந்து அகதிகள் முகாமிட்டிருந்த காலமும் அதுவே. ஷிம்போர்ஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே போலந்துக் கவிதை இந்தியாவுக்கு வந்துவிட்டது. தமிழில் நாம் அதைக் காணத் தவறிவிட்டோம்.

உமாதேவி கீதையைப் போலிஷ் மொழியில் பெயர்த்தார். இந்தியக் கவிதைகளைப் பல தொகுதிகளாகத் தொகுத்தபோது தமிழுக்கெனத் தனித் தொகுதி ஒன்றை ஒதுக்கினார். 1958இல் திருக்குறளைப் போலிஷில் வெளியிட்டார். போருக்குப் பிந்தைய போலந்தின் ஆட்சி இத்தகைய நூல்களை வரவேற்கும் ஆட்சியன்று. வாசகர் எங்கே, விற்பனை எங்கே என்று கேட்டால் விடை இராது. அப்படியும் செய்தார். பிறகு திபெத்திய அகதிகள் வந்தபோது அவர்களிடம் போய்விட்டார். 1971இல் மைசூரில் மறைந்தார். ஃப்ரீட்மன் 1976இல் பம்பாயில் மறைந்தார்.

குறளை அவர் பெயர்த்ததில் என் ஆர்வம் ஒரு சொல்லில் நிற்கிறது. மனச்சாட்சி என்று நாம் கூறுவதற்குப் போலிஷில் சுமியெனியே என்பார்கள். இலத்தீனில் உள்ள ‘உடன் அறிதல்’ என்பதை அடியொற்றி, உடன் எண்ணுதல் என்னும் பொருளில் அமைந்த சொல் அது. நம் சொல்லில் உள்ளே இருப்பவன் சாட்சி, பார்த்தவன், வழக்கு முடிந்தபின் கூண்டில் ஏறிச் சொல்பவன். அவர்கள் சொல்லில் உள்ளே இருப்பவன் கூடவே எண்ணுபவன். செயல் நடக்கும்போதே உடன் நடப்பவன். வாய்மை அதிகாரத்தில் பொய் சொன்னவனை அவன் உள்ளமே வருத்தும் என்று வள்ளுவர் கூறும் இடத்தில் இருப்பது சாட்சியா, உடன் எண்ணுபவனா? லாஸ் அலமாஸை விட்டு ராட்பிளாட் கிளம்பியபோது அவருக்குள் பேசியது எது? வள்ளுவர் நெஞ்சு என்று மட்டும் சொல்லி இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறார். போலிஷுக்குக் கொண்டுபோகிறவர் ஒன்றைத் தேர்ந்தாகவேண்டும். மொழிபெயர்ப்பு அறவியல் ஆராய்ச்சியாவது இத்தகைய இடங்களில்தான். மூலத்தை நாம் அன்றாடம் ஓதுவதாலேயே வினவாமல் விட்டதை, பெயர்ப்பவர் வினவியே தீரவேண்டியிருக்கிறது.

நம் பக்கம் என்ன செய்தோம்? ஷிம்போர்ஸ்காவையும் ஹெர்பெர்ட்டையும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவர்களை நான் குறைசொல்லமாட்டேன். அவர்கள் இல்லையென்றால் இன்றைக்கு இந்தப் பேச்சே இல்லை. ஆனால் ஆங்கிலம் ஏற்கெனவே தேர்ந்து முடித்த விடைகளையே நாம் பெறுகிறோம் என்பதை மறந்துவிடக்கூடாது. மலைக்கும் நமக்கும் நடுவே உள்ள வெளியின் நிறம் அது. உவமையாக்காதீர்கள் என்று சொன்ன நானே ஆக்கிவிட்டேன். இந்த ஒருமுறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. தமிழறிந்த போலந்து அறிஞர்கள் இருக்கிறார்கள். எனவே வரும் ஆண்டுக்கு ஒரு வேலையை இந்த அவையின்முன் வைக்கிறேன். உமாதேவியின் 1958ஆம் ஆண்டுப் பதிப்பின் படி ஒன்றைத் தேடிப் பெறுவோம். அதில் முப்பதாம் அதிகாரமாகிய வாய்மையை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரு மொழியும் அறிந்த ஒருவரை வேண்டி, அந்தப் பத்துக் குறள்களின் போலிஷ் வடிவத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதி அனுப்பச் செய்வோம். மாதம் ஒரு குறள், ஒரு கூட்டம். பரிமேலழகரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தில் மூலம், மறுபக்கத்தில் போலந்து போய்த் திரும்பி வந்த தமிழ். இடையில் எது சிதறியது என்று பார்ப்போம். கவிஞர்கள் அவசியம் வரவேண்டும். நம் வட்டத்தில் இயற்பியல் ஆசிரியர்கள் நால்வர் இருக்கிறார்கள். அவர்களும் வந்தால் நல்லது. முதற் கூட்டத்துக்கு நெஞ்சு என்ற சொல் வரும் குறளையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம்; நாளைச் செயலாளர் அறிவிப்பார்.